அடுப்பில் வேறொரு கை

வில்காரா, நியூ சவுத் வேல்ஸ்
20 பிப்ரவரி 1944

அன்புள்ள கிளெம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டாதே. துப்பாக்கி ஃபாக்டரியில் வாரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறேன். வீட்டுக்கு வந்து சேரும்போது கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன மாதத்திலிருந்து இறைச்சிக்கும் கூப்பன் வந்துவிட்டது. முதலில் டீ, பிறகு சர்க்கரை, வெண்ணெய், இப்போது இது. கசாப்புக்கடை டஃப்பீல்ட் ஒரு கூப்பனைக் கத்தரித்து எடுக்கும்போது, தன் சதையையே அறுத்துக் கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். ஈரலுக்கும் சாசேஜுக்கும் கூப்பன் கிடையாது; அதனால் அவை காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிடும்.

இன்னொரு சேதி. வேலைக்காக ஊருக்கு வந்து இறங்குகிறவர்களுக்குத் தங்க இடமில்லை. காலி அறை உள்ள வீடுகளையெல்லாம் கேட்கிறார்கள். நம் பின்னறையை ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். மிஸ்டர் ஆர்னோ ஷிர்மர், எங்கள் ஃபாக்டரியில் கருவி செய்கிறவர், தெற்கு ஆஸ்திரேலியாக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், மனைவி இறந்துவிட்டாள். சத்தமில்லாத மனிதர். வந்த அன்றே தன் ரேஷன் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லாருடைய கூப்பனும் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு நல்லதாக ஓர் ஆட்டுத் தோள் வாங்க முடிகிறது.

செவ்வாயன்று நம் பெரிலுக்கு ஒன்பது வயதானது. துணியில் கட்டி வேகவைக்கிற புட்டிங் செய்தோம். உலர்திராட்சை கிடைக்கவில்லை, காரட் துருவிப் போட்டோம். துணியை அவிழ்த்தபோது பந்து மாதிரி நின்றது. இரண்டு துண்டு தின்றாள். அப்பாவுக்கு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உன்
ஈனிட்


ஆதர்ட்டன் முகாம், குயின்ஸ்லாந்து
5 மார்ச் 1944

ஈனிட்,

இங்க ஒரே மழை. முன்னூறு பேருக்குச் சேத்துல நின்னு சமைக்கிறேன். தகர டப்பாவுல உலர்த்தின ஆட்டுக்கறி வருது. தண்ணியில ஊறப் போட்டா நனைஞ்ச பூட்ஸ் மாதிரி எழும்பும். நேத்து ஒருத்தன் தட்டைத் தூக்கிட்டு வந்து, "கார்ப்பொரல், இந்த ஆடு போன சண்டையிலயே வீரமரணம் அடைஞ்சதா?"ன்னு கேட்டான். கரண்டியால ஒண்ணு போட்டேன்.

உன் கடுதாசிய நாலு தடவை படிச்சேன். ஒரு இடம் உறுத்துது.

உனக்குச் சமையல் வராதுன்னு வில்காராவுக்கே தெரியும். பதினோரு வருஷம் ஹோட்டல்ல சமைச்சுட்டு வந்து, வீட்லயும் நான்தான் சமைச்சேன். நான் குறை சொல்லல, எனக்கு அது பிடிச்சுத்தான் செஞ்சேன். ஆனா துணி புட்டிங்கு உன் கைக்கு வராது. துணியக் கொதிதண்ணில முக்கி, பிழிஞ்சு, மாவு தடவி, வீங்கறதுக்கு இடம் விட்டு முடிச்சுப் போடணும். இறுக்கினா வெடிக்கும், தளர்த்தினா கூழாயிடும். பந்து மாதிரி நின்னுச்சுன்னா அது தெரிஞ்சவன் கட்டினது.

யாரு கட்டினா?

இன்னொண்ணு. "செய்தோம்"னு எழுதியிருக்க. "செய்தேன்"னு எழுதல.

ஷிர்மர்ங்கறது என்ன பேரு?

கிளெம்


வில்காரா
16 மார்ச் 1944

கிளெம்,

மிஸ்டர் ஷிர்மர்தான் கட்டினார். மறைக்க வேண்டுமென்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். உன்னைத் தெரியுமே.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். இறைச்சிக் கூப்பன் வந்த இரண்டாவது வாரம், மூன்று பேருக்கான சாப்ஸை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது வீடெல்லாம் புகை. ஒரு வாரத்துக் கறி கரியாகிக் கிடந்தது. பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் வந்து சட்டியைப் பார்த்தார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "மிசஸ் ஹார்க்னஸ், அந்த உருளைக்கிழங்கை இப்படிக் கொடுங்க. நீங்க கையக் கழுவிட்டு உட்காருங்க" என்றார், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் உருளைக்கிழங்கு உருண்டையும் வதக்கின வெங்காயமும் என் முன்னால் இருந்தன.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவர் சமைக்கிறார். சனிக்கிழமை கண்ணி வைத்து முயல் பிடித்து வருகிறார், அதற்குக் கூப்பன் வேண்டாம். முட்டைக்கோசில் சீமைச் சீரகம் போட்டுப் புளிப்பாக ஒன்று செய்கிறார். பெரில் முதலில் மூக்கைப் பிடித்தாள், இப்போது தட்டை வழிக்கிறாள்.

நான் வேலை விட்டு வந்ததும் ஒருவர் என் முன்னால் சூடான தட்டை வைக்கிறார். நீ இருந்தபோது தினமும் நடந்ததுதான். அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. இதை உனக்குச் சந்தோஷமாக இருக்குமென்றுதான் எழுதுகிறேன்.

பேர் ஜெர்மன் பேர்தான். அவருடைய முப்பாட்டன் கப்பலேறி வந்து பரோசா பள்ளத்தாக்கில் திராட்சை நட்டவர். இவர் உன்னைப் போலவே இங்கேயே பிறந்தவர்.

ஈனிட்


ஆதர்ட்டன்
28 மார்ச் 1944

ஈனிட்,

சந்தோஷமா இருக்குமா? உனக்கு எப்படித்தான் தோணிச்சு?

என் கத்தியையா எடுக்கறான்? கருப்புப் பிடி போட்ட நீளக் கத்தி? அதை நான் யாரையும் தொட விட்டதில்ல, உங்க அண்ணனைக்கூட. என் இரும்புச் சட்டியில புளிச்ச கோசைப் போட்டா அதோட பதம் போயிடும்னு அந்த ஆளுக்குத் தெரியாதா?

உன் கடுதாசிய மோஸ்லி என் கையிலருந்து பிடுங்கிட்டான். என்கூட சமையல்ல இருக்கறவன், வாய் நீளம். சத்தமா எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு, "ஹார்க்னஸ், நீ இங்க ஈர விறகை ஊதற. அங்க உன் அடுப்ப வேற ஒருத்தன் ஊதறான்"னான். முன்னூறு பேரும் சிரிச்சானுங்க. ரெண்டு நாளா கியூவுல நிக்கறவன் ஒவ்வொருத்தனும், "கோசு இருக்கா கார்ப்பொரல்?"னு கேட்டுட்டுப் போறான்.

இதோட மூணு தாள் வச்சிருக்கேன். ஆட்டு விலாத் துண்டு ஒண்ணை நாலு நாளுக்கு எப்படி இழுக்கறதுன்னு விவரமா எழுதியிருக்கேன். முதல் நாள் சூப்பு, ரெண்டாம் நாள் கறி, மூணாம் நாள் மிச்சக் கறிய மாவுக்குள்ள வச்சுச் சுட்ட பை, நாலாம் நாள் கொழுப்ப உருக்கி ரொட்டிக்குத் தடவிக்கலாம். வெண்ணெய் மிச்சம். நீயே செய். அவன் செய்ய வேணாம்.

பெரில்கிட்ட கேளு: அவன் உருண்டை நல்லாருக்கா, அப்பா உருண்டை நல்லாருக்கா? அவ என்ன சொல்றாளோ அதை அப்படியே எழுது.

நாங்க யாரோட சண்டை போடறோம்னு மறந்துடாத.

கிளெம்


வில்காரா
9 ஏப்ரல் 1944, ஈஸ்டர்

கிளெம்,

கேட்டேன். "அவரோட உருண்டை மெத்துமெத்துனு இருக்கு. ஆனா அப்பா கிரேவிதான் கிரேவி" என்கிறாள். அப்படியே எழுதிவிட்டேன்.

உன் கத்தியைத் துணியில் சுற்றி மேல் அலமாரியில் வைத்தாயிற்று. அவரிடம் நான்தான் சொன்னேன். முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் தனக்கென்று ஒரு கத்தி வாங்கி வந்தார். எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

உன் மூன்று தாளையும் சுவரில் ஒட்டியிருக்கிறேன். விலாத் துண்டு மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது, ஆனால் சூப் நன்றாக வந்தது. நானும் கற்றுக்கொண்டு வருகிறேன், கிளெம். வெங்காயம் பொன்னிறம் எப்போது, கருகல் எப்போது என்று இப்போது மூக்கே சொல்கிறது. முப்பத்திநாலு வயதில் இதற்குப் பெருமைப்படுகிறேன், சிரிக்காதே.

அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஈனிட்


ஆதர்ட்டன்
30 ஏப்ரல் 1944

ஈனிட்,

துப்பாக்கி செய்யற இடத்துல யார் யார் வேலை பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறது அரசாங்கத்தோட வேலை. தெரிவிக்க வேண்டிய இடத்துக்குத் தெரிவிச்சுட்டேன். இதைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் கேக்காத.

இங்க எல்லாம் வழக்கம்போல.

கிளெம்


வில்காரா
22 மே 1944

கிளெம் ஹார்க்னஸ்,

வியாழக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொப்பி போட்ட இரண்டு பேர் வந்தார்கள். "ஷிர்மர் யாரு?" என்றார்கள். எழுந்து நின்றார். "சாப்பிட்டு முடிச்சுடலாமா?" என்று கேட்டார். முடிக்க விடவில்லை.

அவர் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். அடியில் ஒரு கையெழுத்து நோட்டு இருந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

"என்ன பாஷை இது?"

"ஜெர்மன்."

"யார் எழுதினது?"

"என் மனைவி. சமையல் குறிப்புங்க."

"இந்த நம்பரெல்லாம்?"

"எத்தனை முட்டை, எவ்வளவு மாவுன்னு போட்டிருக்கா."

"ஏழு முட்டையா? யார் காதுல பூ சுத்தற? இந்தக் காலத்துல எவனுக்கு ஏழு முட்டை கிடைக்குது?"

செத்துப்போன ஒருத்தியின் கேக்கைப் படித்துச் சிரித்துவிட்டு, நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிளம்பும்போது ஒருவன் என்னிடம், "உங்க வீட்டுக்காரரேதாம்மா எழுதியிருக்கார். உங்க நல்லதுக்குத்தான்" என்றான். பெரில் மேசையில்தான் இருந்தாள்.

மறுநாள் ஃபாக்டரி வாசலில் அவருடைய வேலை அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிகிற வரை மலையில் விறகு வெட்டப் போகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை போய்விட்டார். உன் மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம்தான் ஒன்று கேட்டார்: "நீங்க அவருக்கு என்னைப் பத்தி என்னதான் எழுதினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். நல்லதாகத்தான் எழுதினேன். அதனால்தான் இது நடந்தது.

பெரிலுக்கு எழுது. எனக்கு எழுதாதே.

ஈனிட்


ஆதர்ட்டன்
11 ஜூன் 1944

ஈனிட்,

எழுதாதேன்னு சொல்லியும் எழுதறேன். கிழிச்சுப் போடறதா இருந்தா படிச்சுட்டுக் கிழி.

மூணு கடுதாசி எழுதி மூணையும் அடுப்புல போட்டேன். முதல்ல நாட்டுக்காகச் செஞ்சேன்னு எழுதினேன். அப்புறம் மோஸ்லி கிண்டல் பண்ணினான், அதனாலன்னு எழுதினேன். ரெண்டும் பொய்.

அந்த மனுஷன் உளவாளின்னு நான் ஒரு நிமிஷம்கூட நம்பல. முயலுக்குக் கண்ணி வச்சு, என் பொண்ணுக்குப் புட்டிங் கட்டற ஆளு என்ன உளவு பாத்துடப் போறான்?

பட்டாளத்துக்குக் கிளம்பின அன்னிக்கு ரயில்ல உட்கார்ந்து நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம், நான் இல்லாம ரெண்டும் ஒழுங்கா சாப்பிடாதுங்கன்னு. கவலைப்படற மாதிரித்தான் நெனச்சேன். ஆனா உள்ளுக்குள்ள அது இனிச்சுது, ஈனிட். நீ கருகின சாப்ஸ முன்னால வச்சுக்கிட்டு என்னை நெனைக்கணும்னு ஆசைப்பட்டேன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பசியோட இருக்கணும்னு ஆசைப்பட்டிருக்கேன். முன்னூறு பேருக்கு ஆக்கிப் போடறவன் சொந்தப் பெண்டாட்டி பிள்ளைக்கு நெனச்ச நெனப்பு இது.

அப்புறம் பந்து மாதிரி நின்னுச்சுன்னு எழுதின. எனக்கு வேற என்ன இருக்கு? உன்னை மாதிரிப் படிச்சவன் இல்ல, பாக்கவும் சுமார்தான். என்கிட்ட இருந்தது அந்த ஒண்ணுதான். அதையும் ஒருத்தன் வந்து சத்தமே போடாம செஞ்சுட்டுப் போறான், என்னைவிட மெத்துமெத்துனு.

கிளெம்


ஆதர்ட்டன்
2 ஜூலை 1944

ஈனிட்,

பதில் வரல. நியாயம்தான்.

இதை மட்டும் தெரிஞ்சுக்கோ. செவ்வாக்கிழமை எங்க கேப்டன்கிட்டப் போனேன். ஷிர்மரைப் பத்தி நான் எழுதினதெல்லாம் பொய், பொறாமையில எழுதினேன்னு சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கேப்டன் அதைப் படிச்சுப் பாத்தார். "ஹார்க்னஸ், ஒரு கோசுக்காகவா?"ன்னார். "ஆமா சார்"னேன்.

கைப்பட்டையப் பிடுங்கிட்டாங்க. இப்ப நான் கார்ப்பொரல் இல்ல. அடுப்புப் பக்கம் போக வேணாம், அண்டா கழுவுன்னுட்டாங்க. மோஸ்லி சமைக்கறான், நான் கழுவறேன். அடி பிடிச்ச கஞ்சிய மண்ணு போட்டுத் தேச்சாத்தான் போகுது.

உன்கிட்ட நல்ல பேர் வாங்க இதைச் சொல்லல. அந்தத் தாள் எங்க போய்ச் சேரணுமோ அங்க போயிருக்கான்னு நீதான் பாத்துச் சொல்லணும்.

கிளெம்


வில்காரா
3 செப்டம்பர் 1944

கிளெம்,

போய்ச் சேர்ந்தது. ஆறு வாரம் ஆனது. மிஸ்டர் ஷிர்மர் போன திங்கள்கிழமை ஃபாக்டரிக்குத் திரும்பிவிட்டார். நோட்டையும் கொடுத்துவிட்டார்களாம், நாலு தாள் குறைவாக. எந்த நாலு என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நம் வீட்டுக்கு அவர் வரவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு விடுதியில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் போய்ப் பார்த்தேன். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது என்றேன். "வேணாங்க. உங்க மேல வருத்தமில்ல. ஆனா அந்த மேசையில உட்கார்ந்தா, இனிமே எனக்குச் சோறு தொண்டையில இறங்காது" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். மெஷினுக்குத் திரும்பும் வரை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

உன் ஜூன் மாதத்துக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ உண்மையைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். நீ கேட்காமல் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ஆனால் வேலை விட்டு வரும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் என் நடை வேகமாகும். அது பசிக்காக மட்டும்தானா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டுக்கொள்ளவும் போவதில்லை. இது உன்னைச் சுடும். சுடட்டும்.

நீ ஆசைப்பட்டபடி நாங்கள் பசியோடு இல்லை. வெண்ணெயை ஆறு அவுன்ஸாகக் குறைத்துவிட்டார்கள், ஆனாலும் பசியில்லை. நான்தான் சமைக்கிறேன். எல்லா நாளும். பெரில் மேசை துடைக்கிறாள்.

நவம்பரில் விடுமுறை கிடைக்கலாம் என்று பெரிலுக்கு எழுதியிருந்தாய். வா. ஒரு நிபந்தனை: முதல் வேளை நீ அடுப்புப் பக்கம் வரக் கூடாது. உட்கார்ந்து, நான் போடுவதைச் சாப்பிட வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, உப்பு போதுமா என்று கேட்கக் கூடாது.

ஈனிட்


வட குயின்ஸ்லாந்து
26 நவம்பர் 1944

அன்புள்ள ஈனிட்,

எங்களை ஏத்திட்டுப் போற கப்பல் எப்பன்னு சொல்லக் கூடாது, எங்கன்னு எங்களுக்கே தெரியாது. அதுக்கு முன்னால எழுதிடறேன். லீவுல வந்து உன் பக்கத்துலயே இருந்த பத்து நாள்ல வாயில வரல.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் தாடி மழிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அந்த விடுதிக்குத்தான் போனேன். அவர் வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிட்டிருந்தார். எட்டுப் பேருக்கும் அவர்தான் சமைக்கறாராம். நான் மனசுல கற்பனை பண்ணி வச்சிருந்த ஆளே இல்ல. ஒல்லி, கண்ணாடி, காது கொஞ்சம் பெரிசு. இந்த ஆளையா ராத்திரி பகலா நெனச்சு வெந்தேன்னு இருந்துச்சு.

"நான்தான் ஹார்க்னஸ்"னேன்.

"தெரியுது. பொண்ணுக்கு உங்க ஜாடை"ன்னார்.

தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன். கையை நீட்டினேன். அவர் கத்தியக் கீழ வைக்கல. கோபமாவும் இல்ல. "வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா கை கொடுக்க இன்னும் மனசு வரலீங்க"ன்னார். நீட்டின கைய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம பைக்குள்ள விட்டுக்கிட்டேன். அவர் சீவிக்கிட்டே இருந்தார். தோல் காகிதம் மாதிரி வந்துச்சு, ஒரு இடத்துலயும் அறுந்து போகல. அதைப் பாத்தும் எனக்குப் பொறாமை வந்துச்சு, ஈனிட். அந்த நேரத்துலயும்.

இப்ப அந்த முதல் வேளை. நான் ஒண்ணும் சொல்லலைன்னு உனக்கு வருத்தம். நீ வாயால கேட்கல, ஆனா தட்ட எடுக்கும்போது என் மூஞ்சியப் பாத்த.

நீ வச்சது கழுத்துக் கறி. கூப்பன்ல மலிவான துண்டு, வேகவே வேகாது. நாலு மணி நேரம் மூடி வச்சு வேக வச்சிருக்க. எலும்புல கரண்டி பட்டதும் கறி தானா கழண்டு விழுந்துச்சு. பார்லி வெந்து குழையாம இருந்துச்சு. உப்பு சரியா இருந்துச்சு. அதுல என் கைப்பக்குவமும் இல்ல, அவர் கைப்பக்குவமும் இல்ல. இந்த மாதிரி எங்கயும் நான் தின்னது கிடையாது. அது உன்னோடது. நான் இல்லாதப்ப, என்னைக் கேட்காம, நீயா கத்துக்கிட்டது.

பெரில் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. "எப்படிப்பா இருக்கு?"ன்னா. "சூடா இருக்கு"ன்னு சொல்லித் தப்பிச்சேன்.

உண்மை இதுதான். ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு வயிறெரிஞ்சுது. எரிய எரிய, ரெண்டாவது தடவை தட்ட நீட்டினேன்.

கிளெம்